அடுத்த தடவை வந்துவிடுமோ?



நமக்கு வரும் கடிதங்களில் சிலவற்றின் உறைமேல் 'ஆசிரியர் மட்டும் பிரிக்கவும்' என்று எழுதியிருக்கும். முன்பெல்லாம் உள்ளே கடன், காதல், மாமியார் பிரச்சினை இருக்கும். இப்போது நெஞ்சுப் படபடப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊரும் வயதும் மாறினாலும் கதை அநேகமாக ஒன்றுதான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதோ, கோயில் வரிசையில் நிற்கும்போதோ, நடுராத்திரி நல்ல தூக்கத்திலோகூட, திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. செத்துவிடப் போகிறோம், இல்லையென்றால் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று சந்தேகமே இல்லாமல் தோன்றுகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸா இருக்கும், வீட்டுக்குப் போங்க." போகிறார்கள். மறுவாரம் மறுபடியும் வருகிறது.

இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் அந்த மனிதருக்கு நடந்தது என்ன என்பதை யாரும் சொல்லவில்லையே! அதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். காரணம் தெரிந்த, சிகிச்சை உள்ள ஒரு தொல்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காதவர்கள் எக்கோ, எண்டோஸ்கோபி, ஸ்கேன் என்று பணத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் மந்திரித்த கயிற்றில் வந்து நிற்கிறார்கள். கயிறு கட்டியவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. அங்கேயாவது ஒருவர் உட்காரவைத்து, என்ன செய்கிறது என்று கேட்டிருப்பார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறது. தசைகளுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமெடுக்கிறது, மூச்சும் வேகமாகிறது. நிஜமாகவே ஓடினால் இதெல்லாம் செலவாகிவிடும். பஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரலும் உதடும் குறுகுறுக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும் நேரத்தில் உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது. பீதியில் அது ஏறுகிறது. அதனால்தான் இத்தனை பேர் 'விழப்போகிறேன்' என்கிறார்கள், அநேகமாக யாரும் விழுவதில்லை.

தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும் வீட்டு நாயைப்போல நம் உடம்பு. அதன் விசுவாசத்தில் குறையில்லை, ஆளைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டது.

இது இந்தக் காலத்து வியாதி, செல்போன் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்கள் பலர் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலுமாக வந்து நின்றதையும், அவர்கள் இதயத்தில் பழுது ஏதும் காணமுடியாததையும் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871லேயே எழுதி வைத்துவிட்டார். மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தது 1980இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. 1903இல் பிறந்தவர். முதலில் விலங்கியல் ஆராய்ச்சியாளர். குட்டி போடும் பல்லி, அரணை வகைகளை ஆராய்ந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். இருபதுகளில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லி, சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காசநோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது படபடப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது. மாதக்கணக்கில் தன் இதயத் துடிப்பையே கேட்டுக்கொண்டு வாழ்ந்தார். முதல் உலகப்போரில் சண்டையிட்ட நண்பர் ஒருவர்தான், 'பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், அது வெறும் பயம்' என்று அவருக்குச் சொன்னார். பிற்பாடு வீக்ஸ் மருத்துவம் படித்து, 1962இல் நரம்புத் தளர்ச்சிக்காரர்களுக்காக எளிய நடையில் ஒரு புத்தகம் எழுதினார். அது பல நாடுகளுக்குப் போனது.

அவர் சொன்னதில் முக்கியமானது, பயம் இரண்டு உண்டு என்பது. முதல் பயம் தானாக வருவது. அதை நாம் தடுக்க முடியாது. 'ஐயோ, இதயம் இப்படி அடிக்கிறதே, எனக்கு என்ன ஆகப்போகிறதோ' என்று அதன் மேல் நாம் சேர்ப்பது இரண்டாவது பயம். முதலாவது சில நிமிடங்களில் அடங்கக்கூடியது. இரண்டாவதுதான் அதற்கு மேலும் மேலும் அட்ரினலின் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. 1986இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர், உடம்பின் சாதாரண மாற்றத்தை உயிராபத்து என்று தப்பர்த்தம் செய்துகொள்வதுதான் இந்தச் சுழலின் மையம் என்று எழுதினார். இன்று தரப்படும் பேச்சுவழிச் சிகிச்சை பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. அதில் ஒரு பயிற்சியைக் கேட்டால் சிரிப்பு வரும். வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றவும் விடுவார்கள். படபடப்பையும் தலைசுற்றலையும் நாமே வரவழைத்து, வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குக் காட்டுவதுதான் நோக்கம்.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்வது? பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். சண்டை போடாமல் அந்த நேரத்தைக் கடப்பதுதான் வேலை. மூச்சை ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் போதும். சினிமாவில் காட்டுகிற காகிதப்பை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயநோயோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. முடிந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பஸ்ஸில் வந்ததால் பஸ் வேண்டாம், கூட்டத்தில் வந்ததால் கல்யாண வீடு வேண்டாம், தனியாக இருந்தபோது வந்ததால் கடைத்தெருவுக்குக்கூடத் துணை வேண்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வீட்டு வாசலைத் தாண்டாமல் வருடக்கணக்கில் அடைந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைவிட, 'அடுத்த தடவை வந்துவிடுமோ' என்ற நினைப்புதான் வாழ்க்கையை அதிகமாகச் சாப்பிடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் நெஞ்சுவலியை 'வெறும் பயம்' என்று தள்ளிவிடக் கூடாது. முதல் முறை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடுவதுதான் சரி. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், அதையும் பார்த்துவிடுங்கள். காபியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் (கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்கவும்). நைட்டானால் ஒரு பெக் போட்டால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்த அன்பருக்கு: மறுநாள் காலை அது வட்டியோடு திரும்பி வரும். தூக்கத்துக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அல்ப்ரசோலாம் போன்ற மாத்திரைகளும் பழக்கமாகிவிடும் ரகம். டாக்டர் தரும் மனநல மாத்திரைகள் வேறு. அவை பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது, நிறுத்துவதையும் அவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தைரியமா இரு', 'வேலை இல்லாம உட்கார்ந்தா இப்படித்தான்', 'நாங்கெல்லாம் எவ்வளவு பார்த்திருக்கோம்' என்பதெல்லாம் வேண்டாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. நடிப்பு என்ற பட்டத்தையும் அவர்கள்தான் வாங்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்காருங்கள், 'இது வந்துட்டுப் போயிடும், நான் இங்கேயே இருக்கேன்' என்று சொல்லுங்கள். அதற்காக எல்லா இடத்துக்கும் துணை போய்க்கொண்டே இருக்கவும் வேண்டாம். மெல்ல மெல்ல அவரைத் தனியே போக விடுங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. அப்படித் தயங்குகிறவர்கள் போனிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இலவசம். இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் கவனிக்க: மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எப்படி மீண்டீர்கள், வீட்டில் யார் என்ன சொன்னது உதவியது என்று எழுதி அனுப்புங்கள். பெயரும் ஊரும் இல்லாமல் வெளியிடுகிறோம். உறைமேல் 'ஆசிரியர் மட்டும்' என்று எழுதினால் நான் மட்டுமே பிரிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்