மின்சாரக் காரும் தோட்டத்துச் சாளையும்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பகுதிகளில் வாழையும் பாக்கும் பயிரிடும் நிலச்சுவான்தார்களிடையே, பழைய டீசல் வண்டியைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்ற யோசனை இப்பொழுது மிகுந்து வருகின்றது. வாங்க எண்ணுவோர் விலை, ஓட்டம், அமரும் இடம் ஆகியவற்றை விசாரிப்பதோடு நின்றுவிடுகின்றனர். இக்காலத்துக் கார்களுள் சில, தமது பாட்டரியில் சேர்த்துவைத்த மின்சாரத்தை வீட்டு உபயோகத்திற்குத் திருப்பித் தரவும் வல்லன. நகரவாசிக்கு இஃது ஒரு வேடிக்கையாக இருக்கலாம். ஊரை விட்டு விலகித் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் விவசாயிக்கோ இதுவே முதலில் விசாரிக்கத்தக்க குணம் என்பது நமது அபிப்பிராயம். ஆயினும், இதில் மெய் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பிரித்தறிதல் அவசியம்.

நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டு வேலை தொடங்கியதன் பின்னரே கோவைப் பஞ்சாலைகள் பெருகின; காலக்கிரமத்தில் நமது கிணறுகளிலும் மோட்டார் ஏறிற்று. அந்நாள் முதல் கம்பி வழியே வருவதை வாங்கிக்கொள்வது ஒன்றே நமக்கு வழக்கம். வராதபோது பட்ட பாட்டை 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டைக் கண்டவர் எவரும் மறந்திரார். இன்று அத்தகைய நிலை இல்லையெனினும், மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தமும், கோடைக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுவதும் இருந்தே வருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகைப் பகுதிகளில் வீழ்த்திய மின்கம்பங்கள் ஒரு இலட்சத்திற்கும் மேல். பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஜப்பான் தேசத்தில் 2011-ஆம் ஆண்டுப் பூகம்பத்திற்குப் பின்னர், நிஸ்ஸான் கம்பெனியார் தமது லீஃப் காரிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் எடுக்கும் சாதனத்தை 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தமைக்கும் இத்தகைய கஷ்டமே காரணமாயிற்று.

இம்முறையில் மூன்று படிகள் உண்டு. காரிலேயே ஒரு பிளக்கு வைத்து விளக்கு, மிக்சி முதலியவற்றை நேரே ஓட்டுவது முதற்படி. இதனை வி2எல் என்பர். நம் நாட்டில் ஹூண்டாய் ஐயோனிக் 5, 2023-இல் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் கார் முதலியவற்றில் இவ்வசதி வந்துள்ளது. ஒரே பெயருள்ள காரிலும் எல்லாத் தினுசிலும் இது இராது என்பதைக் கவனிக்க. வீட்டு ஒயரிங் முழுவதற்கும் கார் மின்சாரம் தருவது இரண்டாம் படி. மின்கம்பிக்கே திருப்பி விற்பது மூன்றாம் படி; இதற்கு இருதிசையிலும் மின்சாரம் செலுத்தும் தனிச் சார்ஜரும், மின் பகிர்மானக் கழகத்தாரின் அனுமதியும், தக்க மீட்டரும் வேண்டும். காரிலிருந்து கம்பிக்கு விற்றுப் பணம் பெறும் ஏற்பாடு நம் சாதாரண வீடுகளில் இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. ஆதலின், நாளை கிடைக்கக்கூடிய அவ்வரும்படியை நம்பி இன்று அதிக விலை கொடுப்பது, விதைக்குமுன் மகசூலுக்கு முன்பணம் வாங்குவது போலாகும்.

முதற்படியே நமக்குப் போதும் என்பதற்குக் கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண இன்வெர்ட்டர் பாட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். ஒரு நடுத்தரக் காரின் பாட்டரியிலோ 40 யூனிட் வரை அடங்கும். நாலு விசிறி, விளக்குகள், ஒரு குளிர்பெட்டி ஆகியவற்றிற்கு மணிக்கு அரை யூனிட் என வைத்தால், பாதிப் பாட்டரியைக் கொண்டே சுமார் ஒன்றரை நாள் தள்ளலாம். மறுபாதி, அவசரத்திற்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரை போய்வர இருக்கட்டும். ஊட்டிக்கு அடிக்கடி காய்கறி வியாபார நிமித்தம் செல்வோர் மட்டும் சற்றுக் கூடுதலாக ஒதுக்கவேண்டும். 1,600 கிலோ எடையுள்ள வண்டியை 1,900 மீட்டர் உயரம் தூக்குவதற்கே 8 யூனிட்டுக்கு மேல் செலவாகும்; இறக்கத்தில் அதில் ஒரு பகுதி பாட்டரிக்குத் திரும்பி வருவது மலைப்பாதைக்காரர்களுக்கு ஓர் ஆறுதல்.

பம்புசெட்டின் சங்கதி வேறு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 3.7 கிலோவாட் இழுக்கும். துவங்கும் கணத்தில் பன்மடங்கு கேட்கும். மும்முனை மின்சாரமும் வேண்டும். காரின் பிளக்கு தருவது ஒருமுனையில் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் மாத்திரமே. வீட்டுத் தொட்டிக்கு நீரேற்றும் 1 குதிரைத்திறன் மோட்டார்கூடத் துவக்கத்தில் தடுமாறக்கூடும். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாது, அவ்வண்டியைத் தோட்டத்திற்கு வரவழைத்து, நம் மோட்டாரையே ஓட்டிக் காட்டச் சொல்லுவதே புத்தி. பாசனத்திற்கு டீசல் எஞ்சின் வைத்திருப்போர் அதனை இப்போதைக்கு விற்றுவிட வேண்டாம்.

இனி, கிராம அதிகாரிகள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. இரு முனையிலும் பிளக்குப் பூட்டிய ஒயரைக் கொண்டு காரையும் சுவரிலுள்ள பிளக்கையும் இணைத்துவிட்டால் வீடு முழுவதும் விளக்கெரியும் என்று சிலர் சொல்லக் கேட்கின்றோம். இது கொலைக்கு ஒப்பான செய்கை. வீட்டின் மெயின் திறந்திராவிடில் அம்மின்சாரம் மீட்டர் வழியே வெளியேறித் தெருக்கம்பியில் ஏறும். டிரான்ஸ்பார்மரைப் பின்புறமாய் அடைந்தால் உயர் அழுத்தமாகவும் மாறும். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அதன்பின் தப்பும் வழியேது? காரே அதிகச் சுமையில் நின்றுகொள்ளும் என்று கூறி, பிறர் உயிரைப் பந்தயம் வைத்தலாகாது. வீட்டு ஒயரிங்கில் இணைக்க விரும்புவோர், ஒருபுறம் மூடினால் மறுபுறம் தானே திறக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சை, லைசென்சு பெற்ற ஒயர்மேனைக் கொண்டே பொருத்தவேண்டும். எர்த்தும், கசிவில் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் கார் மின்சாரத்தில் சரிவர வேலை செய்கின்றனவா என்றும் அவரையே சோதிக்கச் செய்யவேண்டும். பன்றிக்கும் யானைக்கும் பயந்து இந்த மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் விடுவது, மனிதர்க்கும் விலங்கிற்கும் யமனை விலைக்கு வாங்குவதாகும்.

மோட்டார் அறையிலுள்ள இலவச விவசாய மின்சாரத்தில் காரைச் சார்ஜ் செய்யும் ஆசையும் பலருக்கு உண்டு. அது பயிருக்காகத் தரப்பட்டது. அனுமதித்த காரியத்திற்கன்றி வேறொன்றிற்கு உபயோகித்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இரட்டிப்புக் கட்டணம் விதிக்கப்படும். அதனினும் பெரிது, இலவசச் சலுகைக்கே விவசாயிகளால் வரும் கெட்ட பெயர். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டப்படி, வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு அமைப்பவர்க்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். கோவைக்கு ஒருமுறை போய்வர அது போதும். பகலில் கார் வீட்டில் நிற்கும் விவசாயிக்கு இவ்வசதி, ஆபீசில் காரை நிறுத்துபவரைக் காட்டிலும் அதிகம் பொருந்தும்.

மூன்றாம் படியை நாம் அடியோடு தள்ளவில்லை. ஆனைமலையிலுள்ள காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலணைக்கு ஏற்றிவைத்து, தேவை மிகும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கின்றனர். ஒரு இலட்சம் கார்கள் மாலை வேளையில் தலைக்கு 3 கிலோவாட் திருப்பித் தருமாயின், அது 300 மெகாவாட் ஆகும். அதற்கு மலையும் வேண்டாம், அணையும் வேண்டாம். ஆனால் பாட்டரி தேய்வது விவசாயியின் கைப்பொருள். பகலில் தந்த யூனிட்டுக்கு இரவில் ஒரு யூனிட் என்று சூரியத் தகட்டுக்குப் போல் ஈடு கட்டினால் அத்தேய்மானத்திற்கு விடையில்லை. மாலை நேர யூனிட்டுக்குத் தனி விலை நிர்ணயித்து, அதனை எழுத்தில் அறிவித்த பின்னரே விவசாயிகளை இதற்கு அழைப்பது நியாயம். அதுவரையில், பிளக்கு உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கி, சேஞ்ச்-ஓவர் சுவிட்சுக்கு ஒயர்மேனிடம் சொல்லிவைத்தால் போதுமானது.