தீவும் தொழிலும்

சென்னையின் மேற்கே அமைந்த பாடி, தேவாரத்தில் திருவலிதாயம் எனப் போற்றப்பெற்ற பழம்பதி. அவ்வூர்ப் பக்கத்தில் 1960களில் வண்டிச் சக்கரமும் மின்கருவியும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. ஆலை எழுந்த அளவிலே ஊரார்க்கு வேலை வந்துவிடாது. ஏர் பிடித்த கை ஒரே நாளில் கடைசல் எந்திரத்தை இயக்குமோ? 1961 இல் இயற்றப்பெற்ற தொழில் பழகுநர் சட்டம், குறித்த தொழில்களை நடத்துவோர் இளைஞரைச் சேர்த்து, உதவித்தொகை அளித்துப் பயிற்றுதல் கடமை என விதித்தது. வேலை கொடு என்பதோடு நில்லாமல், வேலையைக் கற்றுக்கொடு என்றதே அச்சட்டத்தின் சிறப்பு.

கடல் சூழ்ந்த சிறு நாடுகளுக்கு இன்று மிகவும் வேண்டுவது இதுவே. குமரிமுனைக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது மாலத்தீவு. அது தமிழர்க்குப் புதிய நாடன்று. தூத்துக்குடித் தோணிகள் அங்கே காய்கறியும் கட்டடப் பொருளும் கொண்டு செல்வதுண்டு; நம் சமையலில் மணக்கும் மாசிக் கருவாடு அங்கிருந்து வந்த பண்டமே. மீன்பிடித்து வாழ்ந்த அந்நாட்டில் 1972 இல் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் வந்த பயணிகளோ 20 இலட்சத்திற்கு மேற்பட்டவர். நாட்டில் வாழ்வோர், 2022 கணக்கெடுப்பின்படி, 5 இலட்சத்தைச் சற்றே கடந்தவர். அவருள்ளும் கால் பங்கினர் அயல்நாட்டார். குடும்பத்தைப் பிரிந்து வந்து உழைக்கும் அவர்களைக் குறை கூறுதல் தகாது. எனினும், செல்வம் கொழிக்கும் விடுதிகள் இருந்தும் சொந்த நாட்டு இளைஞர் பலர் வேலையின்றி இருப்பானேன்?

விடுதிகளில் உள்நாட்டார் இத்தனை பங்கினர் இருத்தல் வேண்டும் என்று அரசு விதி வகுத்ததுண்டு. ஆயினும் விதி ஒன்றே வேலையாளை உண்டாக்கிவிடாது. அங்கே ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதி என்பது நெடுநாள் வழக்கம். பணியாளர் வீடு திரும்ப இயலாது. அங்கேயே தங்குதல் வேண்டும். மகளைத் தனியே கடல் கடந்து அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். எனவே பெண்களுக்கு அத்தொழிலின் கதவு பாதியே திறந்திருக்கிறது. மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விடுதிகள் நடத்த 2009 ஆம் ஆண்டையொட்டி அரசு இடமளித்தது நன்று. வீட்டிலிருந்தே வேலைக்குச் சென்றுவரும் வாய்ப்பு அதனால் பிறந்தது. நாள்தோறும் தீவுக்குத் தீவு ஓடும் படகும், ஊருக்கு அருகே பயிற்சிப் பள்ளியும் அமைந்தால் அவ்வாய்ப்பு இன்னும் பெருகும்.

பயிற்சி பெற்றவர் கிடைப்பதில்லை என்பார் விடுதி உரிமையாளர். அது மெய்யாகவே இருக்கலாம். அவ்வாறாயின் பயிற்றும் கடமையில் அவர்க்கும் பங்குண்டு என்று சட்டம் சொல்லட்டும்.

இனிக் கடலைக் கருதுவோம். 1998 இல் கடல்நீர் வெம்மை மிகுந்து மாலத்தீவின் பவளப்பாறைகளுள் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. தலைநகர் மாலேக்கு அருகே, 1992 முதல் குப்பை கொட்டியே திலாபுசி என்னும் ஒரு தீவு உருவாயிற்று! 2015 முதல் பயணிகளிடம் பசுமை வரி தண்டுகின்றனர். வரி வேண்டியதே. ஆயினும் காசு பாறையைக் காவல் காக்காது. எந்தப் பாறையில் எம்மீன் முட்டையிடும் என்று தந்தையிடம் கேட்டறிந்த செம்படவன் மகனுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் வேலை கிடைக்குமாயின், நங்கூரத்தைப் பவளத்தின்மேல் எறிய அவன் இசையான். ஒப்பந்தம் முடிந்து இரண்டாண்டில் ஊர் திரும்புவோனுக்கு அப்பாறையின் பெயரும் தெரியாது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையினர் அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலாவை ஊர் மக்களைக் கொண்டே நடத்துகின்றனர். வலை வீசிய கைகளே அங்குத் துடுப்பும் பிடிக்கின்றன.