மண்ணெண்ணெய் உண்ணும் பூஞ்சணம்

சென்ற மாரி கழிந்தபின் களுதாவளையிலே வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். கிணற்றடியில் நின்ற அவருடைய மண்ணெண்ணெய் இயந்திரம் இருமுறை முக்கிவிட்டு ஓய்ந்தது. வடிகட்டியைக் கழற்றினார். கரும்பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது.

"எண்ணெயிலும் பாசி பிடிக்குமோ, ஐயா?" என்றார்.

பாசியன்று, பூஞ்சணம். ஆகாய விமானங்களையும் இது விட்டுவைப்பதில்லை. ஜெற் விமானங்கள் எரிக்கும் எண்ணெயும் மண்ணெண்ணெய் இனத்ததே அல்லவா? எண்ணெய் இதற்கு உணவு; ஆயினும் தண்ணீரின்றி இது வாழாது. உயரப் பறக்கையில் தாங்கி குளிர்ந்துவிடுகிறது. கீழிறங்குகையில் உட்புகும் ஈரக்காற்று அங்கே பனித்து நீராகிறது. எண்ணெயினும் கனமான அந்நீர் அடியில் தங்க, இரண்டும் சந்திக்கும் எல்லையிலே பூஞ்சணம் படர்கிறது. அது வெளிவிடும் அமிலங்கள் அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கின்றன. பெரிய விமானங்களில் இறக்கையின் உட்புறமே தாங்கியாதலால், அரிக்கப்படுவது இறக்கையேயாகும்! வடிகட்டி அடைபடுவதும், எண்ணெயின் அளவைக் காட்டும் கருவி பொய் சொல்வதும் வேறு.

ஆகவே விமானப் பொறியியலாளர் தாங்கியின் அடிவாயைத் திறந்து நீரை ஒழுங்காக வடிக்கின்றனர். வடித்ததைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திப் பார்க்கின்றனர். முதற்காப்பு இதுவே.

"பூச்சிமருந்து ஊற்றினால் செத்துவிடாதோ?" என்று அன்பர் கேட்டார்.

விமானத்துக்கும் கொல்லி மருந்து உண்டு. அதன் அளவு பிசகினால் நேர்வதை 2020 பெப்ரவரி 26ஆம் திகதி இங்கிலாந்தின் கற்விக் விமான நிலையத்திலே கண்டார்கள். பழுதுபார்ப்பின்போது ஒரு விமானத்தின் தாங்கிகளுக்கு அத்தகைய மருந்து இடப்பட்டிருந்தது. பத்து இலட்சம் பங்கு எண்ணெய்க்கு நூறு பங்கு என்பதே அம்மருந்துக்கு அன்றிருந்த விதி. அக்கணக்கு விளங்காமையால் ஏறக்குறைய 38 மடங்கு சேர்ந்துவிட்டது. விமானம் மேலெழுந்ததும் இரண்டு இயந்திரங்களும் தடுமாறின. விமானிகள் உடனே திருப்பிப் பத்திரமாக இறக்கினர். பயணிகள் எவரும் அதில் இல்லாதது நற்பேறு. பள்ளி மாணவர் வெறுக்கும் விகிதக் கணக்குத்தான், பாருங்கள்!

அன்பர் மருந்துப் பேச்சை விட்டார். இருவருமாக எண்ணெய்ப் பீப்பாவைச் சரித்து அடியை வடித்தோம். ஒரு போத்தல் நிறையக் கலங்கிய தண்ணீர் வந்தது. மாரி முழுவதும் பீப்பா மூடியின்றி முற்றத்தில் நின்றதாம்.