முதியோர் இல்லத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

எமது கரையோர ஊர்களில் ‘முதியோர் இல்லம்’ என்ற சொல் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசப்படுகிறது. பெற்ற உம்மாவையும் வாப்பாவையும் வெளியே விடுவதா என்ற கேள்வி முதலில் எழும். அத்துடன் பேச்சும் முடிந்துவிடும். ஆனால் பேச்சை முடித்துக்கொள்வதால் தேவை முடிந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது.

மருதமுனை முதல் பொத்துவில் வரை முதுமைக்கென்று எம்மிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. வீடு மகளுக்கு என்பது எமது வழக்கம். பெற்றோர் அந்த வீட்டிலோ அதே வளவில் ஓர் அறையிலோ இறுதிக் காலத்தைக் கழிப்பர். இந்த ஏற்பாட்டின் அச்சாணி மகள்தான். இன்று அந்த மகள் கணவனோடு கட்டாரில் இருக்கிறாள், அல்லது கொழும்பில் தொழில் செய்கிறாள், அல்லது வளைகுடாவில் யாரோ ஒருவரின் வீட்டில் வேலை செய்து இங்கே குடும்பத்தை நடத்துகிறாள். வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. பக்கவாதத்தால் விழுந்த ஒருவரைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் பல வீடுகளில் இல்லை.

எனவே கூலிக்குப் பராமரிப்பவர்களும், பராமரிப்பு இல்லங்களும் எமது ஊர்களிலும் பெருகத்தான் போகின்றன. இது நல்லதா கெட்டதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் இல்லத்தின் பராமரிப்பு தரமானதா, அங்கே இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை எதை வைத்து அறிவது? இந்தக் கேள்விக்கு ஒரு சமூகமாக நாம் இன்னும் விடை தேடவில்லை.

வழக்கமாக நாம் மூன்றை நம்புகிறோம். நடத்துபவரின் நல்ல பெயர், சுவரில் தொங்கும் சான்றிதழ், வாங்கும் கட்டணம். இந்த மூன்றும் கைவிட்ட இடங்கள் உலகில் உண்டு.

நம்பிக்கை கைவிட்ட இடங்கள்

முதலாவது இடம் எமக்குத் தூரமானதல்ல. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவை அறியாதவர் எம்மில் குறைவு. மனநோயாளிகளுக்கு அங்கே சுகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், குடும்பத்தினர் அவர்களைச் சுற்றுப்புறத்திலிருந்த தனியார் இல்லங்களில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அவ்வாறான ஓர் இல்லத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோரில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். இந்தியாவின் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இத்தகைய இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது. ஆனால் புண்ணிய பூமிக்கு அருகில் இருக்கிறது என்ற நிம்மதியில், உரிமம் இருக்கிறதா என்றோ இரவில் கட்டி வைக்கிறார்களா என்றோ கேட்டவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரிலிருந்த ஓக்டன். மறதி நோயும் மனநோயும் கொண்ட முதியோருக்கான அரச நிலையம் அது. 2016இன் தொடக்கத்தில் அதன் தரச் சான்று புதுப்பிக்கப்பட்டது. அதே காலத்தில்தான் அங்கிருந்த ஒரு முதியவருக்கு வைத்தியர் குறித்ததைப் போல் பத்து மடங்கு மருந்து கொடுக்கப்பட்டது. காரணம் சொல்லப்படாத காயங்களோடு அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரது குடும்பம் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. விசாரணை நடந்து 2017இல் ஓக்டன் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு முழுவதுமுள்ள முதியோர் பராமரிப்பை ஆராய அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2021இல் அது 148 பரிந்துரைகளோடு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அத்தனையும் ஒரு குடும்பத்தின் விடாத கேள்வியிலிருந்து தொடங்கியவை.

மூன்றாவது கனடாவின் மொன்றியல் நகரை அடுத்த டோர்வலில் இருந்த ஹெரோன் இல்லம். மாதம் ஆயிரக்கணக்கான டொலர் வாங்கிய தனியார் இடம். 2020இல் கொவிட் முதல் அலையின்போது ஊழியர் பலர் வேலைக்கு வராமற்போக, முதியோர் உணவும் தண்ணீரும் இன்றி, உடை மாற்ற ஆளின்றிக் கிடந்தனர். அந்த இல்லத்தில் இறந்த 47 பேரின் மரணங்களை மரண விசாரணை அதிகாரி பின்னர் ஆராய்ந்தார்.

இதில் ஆசிரியர்களான எமக்கு ஆச்சரியம் இல்லை. வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பாடசாலையிலும் சுவர் கழுவப்படும், கோப்புகள் நிரம்பும், பின்வரிசைப் பிள்ளையும் சீருடையில் மின்னுவான். அந்த ஒரு நாளைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று சொல்ல முடியாது. அதற்கு அவனது கொப்பியைத் திறக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் அந்தக் கொப்பி, அங்கே வாழ்பவரின் உடம்புதான்.

உடம்பு சொல்லும் ஐந்து சாட்சிகள்

அவுஸ்திரேலியா 2021 ஜூலை முதல் முதியோர் இல்லங்களிடம் ஐந்து விடயங்களுக்கான கணக்கைக் கேட்கத் தொடங்கியது. படுக்கைப் புண், நிறை குறைதல், விழுதல், மருந்து, கட்டி வைத்தல் என்பனவே அவை. இவற்றைக் கவனிக்க வைத்தியராக இருக்கத் தேவையில்லை.

படுக்கைப் புண் குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தொடங்கும். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பே முதல் அடையாளம். எழும்ப முடியாதவரை சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். “கடைசியாக எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள், எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் வாயால் மட்டும் வந்தால் கவனமாக இருங்கள்.

நிறையை மாதந்தோறும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் 5 சதவீதம் குறைவதே எச்சரிக்கைதான். 50 கிலோ உள்ள உம்மாவுக்கு அது இரண்டரைக் கிலோ. பல் இல்லாமை, விழுங்க முடியாமை, மனச்சோர்வு எனக் காரணம் பல இருக்கலாம். பக்கத்தில் இருந்து ஊட்டிவிட ஆள் இல்லாததும் காரணமாக இருக்கலாம். தட்டு வைக்கப்பட்டது என்பது வேறு, சாப்பிட்டார் என்பது வேறு.

வயதானவர் ஒருமுறை விழுவது எந்த வீட்டிலும் நடக்கும். விழுந்ததை அன்றே குடும்பத்துக்குச் சொன்னார்களா, மறுபடி விழாமலிருக்க எதை மாற்றினார்கள் என்பதில்தான் இல்லத்தின் தரம் தெரியும்.

மருந்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பல வைத்தியர்கள் எழுதியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துபோவது. மற்றது, தொந்தரவு செய்யாமலிருக்க முதியவரைத் தூங்க வைப்பது. எப்போது போனாலும் உறங்கிக்கொண்டே இருக்கும் வாப்பாவைப் பார்த்து ‘அமைதியாக இருக்கிறார்’ என்று திருப்தி அடைய வேண்டாம். எமக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. நீரிழிவு உள்ளவர் நோன்பு பிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், மருந்து நேரத்தை மாற்றுவது யார்? அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும், சமையலறையில் இருப்பவர் அல்ல.

கட்டி வைத்தல் என்பது சங்கிலி மட்டுமல்ல. இடுப்புப் பட்டி, எழும்ப விடாத கட்டில் தடுப்பு, வெளியே பூட்டிய கதவு எல்லாம் அதன் உருவங்களே. ஏர்வாடியில் உயிர்களைக் கொண்டுபோனது தீ மட்டுமல்ல, பூட்டும்தான்.

இந்த ஐந்துடன் எமது கரைக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையில் அதிகமானோரைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. நடக்க முடியாத பத்துப் பேரை வைத்திருக்கும் இல்லத்திடம் “இரவு இரண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், எச்சரிக்கை வந்தால் எந்த வழியால், எதில் ஏற்றிக்கொண்டு போவீர்கள்?” என்று கேட்பது எமது உரிமை. உம்மாவைக் கழுவி உடை மாற்றுபவர் பெண்ணா, வுழூச் செய்ய உதவுகிறார்களா, தொழக் கட்டிலைக் கிப்லாவின் பக்கம் திருப்ப முடியுமா என்பவையும் தரம் பற்றிய கேள்விகளே.

சட்டமும் நாமும்

எமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையையும் செயலகத்தையும் உருவாக்கியது. முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களின் பதிவையும், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரிப் பெற்றோர் முறையிடக்கூடிய சபையையும் அதே சட்டம் ஏற்படுத்தியது. ஆனால் எம் ஊர்களில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் தனியார் வைத்தியசாலையையும் குறிக்கும். அதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ‘பதிவு இருக்கிறது’ என்று சொன்னால் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஆண்டுக்கு என்று கேட்க வேண்டும். விவரம் அறியப் பிரதேச செயலகத்தை நாடலாம்.

இருந்தும் பதிவு தொடக்கம் மட்டுமே என்பதை ஓக்டன் காட்டிவிட்டது. அங்கே உண்மையை வெளியே கொண்டுவந்தது, போய்ப் பார்த்த குடும்பம். எமது கரையில் இருக்கும் பெரிய ஆபத்தும் இங்கேதான். பெற்றோரை இல்லத்தில் விட்ட பிள்ளை ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அதை மறைக்கிறான். மறைப்பதற்காகப் போய்ப் பார்ப்பதைக் குறைக்கிறான். உறவினருக்கு இடமே தெரியாது. யாரும் வந்து பார்க்காத முதியவரைப் போல் பாதுகாப்பற்றவர் எந்த இல்லத்திலும் இல்லை. நாம் மானம் என்று நினைத்துக் காப்பது அவரைத் தனிமையில் தள்ளிவிடுகிறது.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பற்றி மிம்பரில் நிறையவே கேட்கிறோம். அத்துடன் ஒரு காரியமும் செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் நிருவாகம், ஓய்வுபெற்ற தாதி அல்லது குடும்பநல உத்தியோகத்தர், ஒரு வைத்தியர், இரண்டு பெண்கள் என்று ஒரு சிறு குழுவை அமைக்கட்டும். தமது ஊரவர் எந்த இல்லத்தில் இருந்தாலும், நிருவாகத்தின் சம்மதத்தோடு, ஆனால் நாள் குறிக்காமல், அந்தக் குழு போய்ப் பார்க்கட்டும். இத்தகைய வருகைக்குச் சம்மதிக்காத இல்லத்துக்கு எமது ஸதகாவும் போக வேண்டியதில்லை. நன்கொடையில் ஓடும் சிறிய இல்லத்தால் இதெல்லாம் முடியுமா என்று கேட்கலாம். ஒரு நிறை பார்க்கும் தராசும் ஒரு சி.ஆர். கொப்பியும் பெரிய செலவல்ல. செலவு ஊழியரின் சம்பளத்தில்தான் வரும். நன்கொடையாளர்கள் புதுக் கட்டடத்துக்குக் கல் நாட்டுவதைவிட, இரவு வேலைக்கு இன்னொருவரின் சம்பளத்தைப் பொறுப்பேற்பது மேல்.

இதே கேள்விகள் வீட்டில் கூலிக்கு ஆள் வைத்துப் பராமரிக்கப்படும் பெற்றோருக்கும் பொருந்தும். கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பில் உம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கிறோம். குதிக்காலையும் காட்டச் சொல்லுங்கள். இந்த மாத நிறை என்ன என்று கேளுங்கள். இல்லமோ வீடோ, யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில்தான் முதியவர் பாதுகாப்பாக இருப்பார்.