எக்ஸ்போஷர் சோறு போடுமா?

விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிற தம்பி தங்கைகளே! கடன் வாங்கி அவங்களைப் படிக்க வைக்கிற அப்பா அம்மாக்களே! இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். ஆனாலும் முழுசா படிச்சுடுங்க.

மூன்று வருஷப் படிப்பு. கேமரா, எடிட்டிங், ரேடியோ, செய்தி எழுதுவது, விளம்பரம் என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுகிறார்கள். கடைசியில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். சான்றிதழ் வாங்கி வந்து வைத்தால்தான் மார்க். பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுகிறீர்கள். ஏதோ ஒரு சேனல், ஏதோ ஒரு டிஜிட்டல் கம்பெனி. தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்கிறீர்கள்: "சார், ஸ்டைபண்ட் ஏதாவது...?"

பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். "அதெல்லாம் இல்லப்பா. ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்."

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஓனர் எக்ஸ்போஷரை வாடகையா வாங்கிப்பாரா? மெஸ்ல அக்கா ரெண்டு எக்ஸ்போஷருக்கு ஒரு சாப்பாடு போடுவாங்களா? மின்சார ரயில் சீசன் டிக்கெட்டுக்குக் கவுன்டர்ல எக்ஸ்போஷரை நீட்ட முடியுமா?

சிரிக்கிறதுக்காகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளமே இல்லாமல் ஆறு மாசம் சென்னையில் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? சென்னையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளையால் முடியும். மாசாமாசம் வீட்டிலிருந்து பணம் வருகிற பிள்ளையால் முடியும். ராமநாதபுரத்தில் மீன்பிடிக்கிறவர் மகளால் முடியுமா? தர்மபுரியில் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவின் மகனால் முடியுமா? வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கிற அந்தப் பிள்ளை என்ன செய்யும்? டிகிரியைப் பெட்டியில் வைத்துவிட்டு, டெலிவரி பையைத் தோளில் மாட்டும். அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாசம் சும்மா உழைக்க வசதி இல்லை. அவ்வளவுதான்.

கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இருந்தால்தான் டாக்டர் ஆகலாம் என்பதை அநியாயம் என்று சொன்ன மண் இது. சும்மா உழைக்க வசதி இருந்தால்தான் பத்திரிகையாளர் ஆகலாம் என்பது மட்டும் எப்படி நியாயமாகும்? சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்பது அப்பாவின் பர்ஸுக்கு வைக்கிற நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் மட்டும்தான் இல்லை.

"கத்துக்கொடுக்கிறோம்ல, அப்புறம் எதுக்கு காசு?" என்பார்கள். சரி, என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு இன்டர்னைக் கேட்டுப் பாருங்கள். பேட்டியைக் கேட்டு வரி வரியாக டைப் அடித்தது யார்? தம்ப்நெயில் செய்தது யார்? சப்டைட்டில் போட்டது யார்? பைட் வாங்க மைக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றது யார்? வேலை எல்லாம் இன்டர்ன் பார்த்தது. வெளியே வரும்போது பெயர் மட்டும் அவருடையது இல்லை. வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டால் அது பயிற்சி. நீங்கள் செய்தது ஒளிபரப்பாகி, அதற்கு முன்னும் பின்னும் விளம்பரம் ஓடி, அந்தக் காசு நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது என்றால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

மற்ற தொழில்களில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது? எம்.பி.பி.எஸ். முடித்த ஹவுஸ் சர்ஜனுக்கு ஸ்டைபண்ட் உண்டு. சி.ஏ. படிக்கிறவர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தால், குறைந்தபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஜூனியர் வக்கீல்கள் கதை நமக்குத் தெரிந்ததுதான். சீனியர் கையில் திணிக்கிற பஸ் காசுதான் பல காலம் அவர்கள் வருமானம். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா ஆபீஸிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் "கேட்பது உன் உரிமை" என்று ஒரு தாள் வந்துவிட்டது. ஊடக மாணவர் கையில் அந்தத் தாள்கூட இல்லை.

உண்மையில் சட்டம் இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். தொழில் பழகுநர் சட்டம், 1961. பொறியியல் படித்த எங்களுக்கு 'அப்ரண்டிஸ்' என்ற வார்த்தை கல்லூரி நாளிலேயே பழக்கம். 2014ல் சட்டத்தைத் திருத்தி, பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019 விதிகள்படி பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்தால், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசே தருகிறது.

அப்புறம் ஏன் கிடைக்கவில்லை? ஒரே ஒரு வார்த்தை விளையாட்டுதான். உங்களை 'அப்ரண்டிஸ்' என்று எடுத்தால் பதிவு, ஒப்பந்தம், ஸ்டைபண்ட் எல்லாம் வரும். 'இன்டர்ன்' என்று எடுத்தால் எதுவும் வராது. அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர், அதே பத்து மணி நேரம். பெயரை மாற்றினால் சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது. அரசு பாதியைத் தருகிறேன் என்ற பிறகும் மீதி பாதியைத் தர மனசு வராதவர்கள்தான், சாயங்கால விவாதத்தில் உட்கார்ந்து இளைஞர் வேலைவாய்ப்பைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இது நாலு பேர் சம்பளப் பிரச்சனை என்று கடந்து போய்விடாதீர்கள். நியூஸ்ரூமுக்குள் யார் போகிறார்கள் என்பதுதான் எது செய்தி என்பதைத் தீர்மானிக்கிறது. 2019ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆங்கில, இந்தி ஊடகங்களில் அவர்கள் எடுத்துப் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106ல் இருந்தவர்கள் உயர்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. பூஜ்யம். மேலே பூஜ்யம் என்றால் காரணத்தைக் கீழே தேட வேண்டும். அந்தப் படிக்கட்டின் முதல் படியில்தான் "ஸ்டைபண்ட் கிடையாது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது பத்திரிகைக்கே புதுசான மண் என்றால்கூடப் போகட்டும். 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழ் நடத்திய மண். 1907ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய மண். 1925ல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடி அரசு' வந்த மண். உள்ளே விடாதவர்களின் வாசலில் காத்து நிற்காமல், சொந்தமாக அச்சுக் கோத்தவர்களின் வாரிசுகள் நாம். நூறு வருஷம் கழித்து நம் வீட்டுப் பிள்ளைகள் டிகிரியோடு அதே வாசலில் நிற்கிறார்கள் என்றால் கோபம் வர வேண்டாமா?

இப்போது டெல்லிக்கு வருவோம். இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், ஐ.ஐ.எம்.சி. 1965ல் தொடங்கிய ஒன்றிய அரசு நிறுவனம். அங்கே ஆங்கிலத்தில் இதழியல் உண்டு. இந்தியில் உண்டு, உருதுவில் உண்டு. டென்கனாலில் ஒடியா, அமராவதியில் மராத்தி, கோட்டயத்தில் மலையாளம். நல்லது, எல்லா மொழியும் வளரட்டும். தமிழ் எங்கே? செம்மொழி என்று மேடையில் புகழ்வதற்குத் தமிழ் வேண்டும். ஒரு இதழியல் வகுப்பு நடத்த மட்டும் வேண்டாமா? தமிழ்நாடு அரசு சென்னையில் இதழியலுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. வரவேற்கிறோம். ஆனால் நம் வரிப்பணத்தில் ஓடுகிற ஐ.ஐ.எம்.சி.க்கு ஒரு தமிழ் மையம் கேட்பது பிச்சை இல்லை, பங்கு.

உள்ளே நுழைந்தவர்களுக்காவது பாதுகாப்பு இருக்கிறதா? 1955 முதல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் இருந்தது. அச்சுப் பத்திரிகைக்கு மட்டும்தான் என்றாலும், பத்திரிகையாளருக்கென்று தனி ஊதியக் குழு இருந்தது. மஜீதியா குழு சொன்ன சம்பளத்தை ஒன்றிய அரசு 2011ல் அறிவிக்கை செய்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2014ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதற்குப் பிறகும் தராமல் இழுத்தடித்ததால் அவமதிப்பு வழக்கு வரை போனது. இன்று? நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில். பழைய சட்டம் போய்விட்டது. "டி.வி., டிஜிட்டல் பத்திரிகையாளரையும் சேர்த்துட்டோமே" என்று பெருமை பேசுகிறார்கள். சேர்த்தது சரி. ஆனால் அந்த ஊதியக் குழு எங்கே? பந்தியில் இடம் போட்டுவிட்டு இலையை உருவிக்கொண்டால் அதற்குப் பெயர் விருந்தா?

"இதையெல்லாம் கேட்டா சின்னச் சின்ன யூடியூப் சேனல் எல்லாம் மூட வேண்டியதுதான்" என்று ஒரு குரல் வரும். நாலு நண்பர்கள் சேர்ந்து, வருகிறதைப் பங்கு போட்டு நடத்துகிற சேனலைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. 30 பேர் வேலை பார்க்கிற ஆபீஸைப் பற்றிப் பேசுகிறோம். ஏசிக்குக் கரண்ட் பில் கட்ட முடிகிறது, லைட்டுக்கு வாடகை தர முடிகிறது, இன்டர்னுக்கு மட்டும் முடியாது என்றால் அதற்குப் பெயர் கஷ்டம் இல்லை, பழக்கம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். தேர்தல் வந்தால் எடிட்டர், டிசைனர், கேமராமேன் என்று விஸ்காம் பிள்ளைகளைத் தேடுவது அரசியல் கட்சிகளும்தான். கொள்கைக்காக ராத்திரி கண்விழித்து இந்தப் பதிவை எழுதுகிற தொண்டன் வேறு. வேலைக்கு என்று கூப்பிட்டு உட்கார வைக்கிற எடிட்டர் வேறு. முன்னவர் தானாக வந்தவர். பின்னவருக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் தர வேண்டும். எந்தக் கட்சியானாலும் சரி, நம் கட்சியும் சேர்த்துத்தான்.

நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றால் ஸ்டைபண்டும் கட்டாயம். ஸ்டைபண்ட் தராத நிறுவனத்துக்கு மாணவரை அனுப்பக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் உத்தரவு போட வேண்டும்.

2. 30 பேருக்குக் குறையாத ஊடக நிறுவனங்கள் எத்தனை பழகுநரை எடுத்தன என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சட்டப்படி எடுக்காதவர்களுக்கு அரசு விளம்பரம் கூடாது.

3. ஐ.ஐ.எம்.சி.யில் தமிழ் இதழியல் படிப்பும், தமிழ்நாட்டில் ஒரு மையமும் வேண்டும்.

4. டி.வி., டிஜிட்டல், தாலுகா நிருபர் உட்பட எல்லோரையும் சேர்த்துப் பத்திரிகையாளருக்கான ஊதியக் குழு மீண்டும் வேண்டும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒரு வார்த்தை. 500க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள் முளைத்த காலத்தில் "100 சதவீத பிளேஸ்மென்ட்" பேனரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதே பேனர் இப்போது மீடியா கோர்ஸ் வாசலில் தொங்குகிறது. அட்மிஷன் போடும் முன்னாடியே கேளுங்கள்: போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? என்ன சம்பளம்? எத்தனை பேர் துறையை விட்டே போய்விட்டார்கள்? கேமராவை மாணவர் கையில் தருவார்களா, இல்லை பீரோவில் பூட்டி வைப்பார்களா? இன்டர்ன்ஷிப் போனால் சேரும் தேதி, வேலை நேரம், ஸ்டைபண்ட் மூன்றும் எழுதிய கடிதம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்த வேலைக்கு உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் "நாளைல இருந்து வராதே" என்பார்கள். வகுப்பே சேர்ந்து கேட்டால் யாரிடம் சொல்வார்கள்?

ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் கேட்கத்தானே இந்தப் படிப்பைப் படிக்கிறீர்கள். முதல் கேள்வியை உங்களுக்காகக் கேளுங்கள்.

உங்கள் இன்டர்ன்ஷிப் அனுபவத்தைக் கமென்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எத்தனை மாசம், எத்தனை மணி நேரம், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது போதும். விஸ்காம் படிக்கிற ஒருவருக்காவது இதைப் பகிருங்கள்.

#வேலைக்குக்கூலி
#எக்ஸ்போஷர்சோறுபோடாது
#தமிழுக்கும்இடம்வேண்டும்