குளிர்மலையில் குடியேற நினைப்போருக்கு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ‘நான் சென்றுவந்த சுற்றுலாத் தலம்’ என்னும் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் கேமரன் மலைக்குத்தான் போவார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டம், உடலைத் தழுவும் குளிர்காற்று, ஸ்ட்ராபெரி பழம், அவித்த சோளம், இறுதியில் ‘மட்டற்ற மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினோம்’. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. இந்தக் கட்டுரை மட்டும் இன்னும் அகலவில்லை! இக்கட்டுரைகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. அந்த மலையில் மனிதர் எவரும் குடியிருப்பதில்லை.

பெரியவர்கள் மனத்திலும் இதே கட்டுரைதான் இருக்கிறது என்பதை அண்மையில் அறிந்தேன். சிங்கப்பூரில் வாழும் என் உறவினர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு கேமரன் மலையில் வீடு வாங்கிக் குடியேறத் திட்டமிட்டிருக்கிறார். “தம்பி, நீங்கள் அங்கே ஆசிரியராக இருந்தவர்தானே? தானா ராத்தா நல்லதா, பிரிஞ்சாங் நல்லதா? எங்கிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும்?” என்று கேட்டார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்ததும் எனக்குக் கிடைத்த முதற்பணி அம்மலையின் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில்தான். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன். எனவே, அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கேமரன் மலை, வெளியாரின் தேர்வுக்கு உள்ளாவது புதிதன்று. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இவ்வட்டாரத்தை ஆராய்ந்தார். மலை அவர் பெயரைப் பெற்றது. செமாய் பூர்வகுடியினர் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வந்தனர்; அவர்கள் வைத்திருந்த பெயர்களை யாரும் வரைபடத்தின் தலைப்பில் எழுதவில்லை. சமவெளி வெப்பம் தாங்காத பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் 1930-களில் அங்கே மாளிகைகள் கட்டினர். அவர்தம் பிள்ளைகளுக்கென 1934-இல் தங்கும் விடுதியுடன் ஒரு பள்ளி எழுந்தது. போருக்குப் பின் 1951-இல் படையினரின் பிள்ளைகளுக்காக ‘சிலிம்’ பள்ளி வந்தது. பின்னாளில், பணி ஓய்வுபெற்ற ஜப்பானியத் தம்பதியர் ஆண்டில் சில மாதங்கள் வந்து தங்கலாயினர். ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்னும் அரசாங்கத் திட்டம் 2002-இல் தொடங்கிய பிறகு, பல நாட்டவர் நீண்டகால விசாவுடன் நம் நாட்டில் வசிக்க வழி பிறந்தது.

இவர்கள் அனைவரும் குளிரை விரும்பி வந்தவர்கள். விரும்பாத நாளில் இறங்கிப் போகக் கூடியவர்கள்.

நம்மவர் ஏறிய கதை வேறு. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்ததும், செங்குத்தான சரிவுகளில் கன்று நட்டதும், கூடையைச் சுமந்து கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழர் கைகள்தாம். என் மாணவர்களின் பாட்டிமார் எனக்குச் சொன்ன மலையில் ‘காட்சி’ என்ற சொல்லே வராது. அட்டை, பனி, ஈர விறகு, நனைந்த துணி ஆகியவைதாம் வரும். அவர்களிடம், ‘இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டால் கேள்வியே விளங்காது.

இன்று கொழுந்து பறிப்பவர்களிலும் காய்கறித் தோட்டங்களில் உழைப்பவர்களிலும் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். இவர்களும் வெளிநாட்டினரே, மலையூரில் வசிப்பவர்களே. ஆனால் ‘எக்ஸ்பேட்’ என்னும் சொல் இவர்களைத் தொடுவதில்லை. மலாய் மொழியில் ஒருவர் ‘பெகாவாய் டாகாங்’, மற்றவர் ‘பெக்கெர்ஜா ஆசிங்’. ‘டாகாங்’ என்றால் வணிகம் என்று நாம் அறிவோம். பழைய மலாய் வழக்கில் அது ஊர்விட்டு ஊர் வந்தவரையும் குறிக்கும். அந்தப் பழம்பொருளின்படி இருவருமே ‘டாகாங்’தான்! சொல் பிரிந்ததோடு நிற்கவில்லை, சட்டமும் பிரித்துவிட்டது. 2024-இல் திருத்தப்பட்ட ‘இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனத் தரங்கள் உள்ளன. அடித்தரமான வெள்ளிக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். அதற்கு ஐந்தாண்டு விசா. பிளாட்டினத்திற்கு இருபது ஆண்டு. மனைவி மக்களை உடனழைத்து வரலாம். தோட்டத் தொழிலாளியின் அனுமதியோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. குடும்பத்தை அழைத்துவர அதில் இடமில்லை.

பணம் உள்ளவருக்குச் சலுகை என்பது உலக வழக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். அதைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. குடியேற நினைப்பவரின் நன்மையைக் கருதியே இதைச் சொல்கிறேன். ஒரு மலையூர் எப்படிப்பட்டது என்பதை, அதைத் தேர்ந்தெடுத்து வந்தவர் சொல்லமாட்டார். போக்கிடமின்றி அங்கே இருப்பவரின் வாழ்க்கைதான் அதைக் காட்டும்.

2024 சனவரி 26 அன்று விடியுமுன், கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் மண்சரிவு ஏற்பட்டது. உறங்கிக் கொண்டிருந்த ஐவர் புதையுண்டு மாண்டனர். ஐவரும் மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள். அதற்கு முன்பும், 2013 அக்டோபரில் கனமழையின்போது அணைக்கட்டிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் வேலியில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மறுஆண்டு நவம்பரிலும் மண்சரிவும் வெள்ளமும் உயிர்ப்பலி கொண்டன. மேலே சரிவுகளில் காடழித்துப் பயிரிட, மழை மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்க, 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்த்தேக்கம் வண்டலால் நிரம்பிக்கொண்டே வந்திருக்கிறது. கொள்ளளவு குறைந்த தேக்கம், பெருமழையைத் தாங்குவது எவ்வாறு? அந்த வண்டலில் ஒரு பங்கு, நாம் மலிவாக வாங்கிவந்து மகிழும் முட்டைக்கோசு விளைந்த மண்.

ஆகவே என் உறவினரிடம், “மலை எங்கிருந்து தெரியும் என்று கேட்காதீர்கள் அண்ணே, மலை எங்கே சரியும் என்று கேளுங்கள்” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவருக்கு நான் சொன்ன மற்றவை எளியவை. உடனே வீடு வாங்க வேண்டா. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். துணி உலர நான்கு நாள் ஆகும். அலமாரியில் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கும். (என் பயிற்சிக் கழகக் குறிப்பேடுகள் அப்படித்தான் அழிந்தன.) தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை உண்டு, எனினும், சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலையோ தாப்பாச் சாலையோ மரம் விழுந்து அடைபட்ட நாளில், மார்வலி காத்திருக்காது. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கைக் கடக்க ஆகும் நேரத்தைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரையாகிவிடும். வீட்டு நிலம் குத்தகையா, இன்னும் எத்தனை ஆண்டு மீதமுள்ளது என்பதைப் பத்திரத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

இவற்றோடு ஒன்றையும் வேண்டிக்கொண்டேன். தோட்டத்து லயங்களுக்குப் போய், அங்குள்ள முதியோரிடம் பேசச் சொன்னேன். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறையாக அம்மலையில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், ஓய்வுபெறும் வயதில் தங்குவதற்கு இடம் தேடிச் சமவெளிக்கு இறங்குகின்றன. என்னிடம் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள். வெளியூர் முதலீட்டாளர் வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் அடுக்குமாடி வீடுகளின் விலைக்கு, அவர்தம் பெற்றோரின் சேமநிதி ஈடாகவில்லை. மலையில் வாழ வருகிறவர் இதையறிந்து வரட்டும். வந்தபின், ஆண்டு முழுதும் அங்கே குடியிருக்கட்டும். அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. வாரம் ஒருநாள் வந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட ஒருவர் கிடைத்தால் எந்தத் தலைமையாசிரியர் வேண்டா என்பார்? என் உறவினர் நன்றாக வாசிப்பார். அந்த ஒரு காரணத்திற்காகவே அவர் போகவேண்டும் என்று எனக்கு ஆசையும் உண்டு.

அடுத்த பள்ளி விடுமுறையில் மலையேறும் பெற்றோர்கள், தாப்பா வழியாகச் சென்றால், ரிங்லெட்டைத் தாண்டியதும் நீர்த்தேக்கம் சாலையோரத்திலேயே வரும். பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். நீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏன் அந்த நிறம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், மேலே போகும் வழியெல்லாம் சொல்ல உங்களுக்குச் செய்தி இருக்கிறது.