பாறையின் கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும்

நிலத்துக்கடியில் எரிவாயு ஏரியாகக் கிடக்கிறது, தண்ணீர் ஆறாக ஓடுகிறது என்று படித்தவர்களும் பேசக் கேட்கிறோம். ஏரியும் இல்லை, ஆறும் இல்லை, நண்பர்களே! இருப்பது பாறை. அதன் துளைகளிலும் வெடிப்புகளிலுமே செல்வம் அடங்கிக் கிடக்கிறது.

இராமநாதபுரத்து எரிவாயுவை எண்ணிப் பாருங்கள். கிரெட்டேசியக் காலத்து மணற்கல்லில், மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள நுண்துளைகளில் அது தங்குகிறது. துளைக்குத் துளை வழியிருந்தால் கிணற்றை நோக்கி நகர்கிறது. மேலே மூடியாய் அமைந்த களிப்பாறை அதைத் தப்பவிடாமல் காக்கிறது. எவ்வளவு கொள்ளும்? எவ்வளவு எளிதாக ஓடும்? எது காக்கும்? இம்மூன்றையும் அறியாமல் எந்த நிறுவனமாவது பணத்தைக் கொட்டுமா?

இனிப் பாலக்காட்டுப் பெருமாட்டிக்கு வருவோம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். மழை குறைந்த பகுதி. அங்கே அடியில் கிடப்பது நைஸ் என்னும் கடும்பாறை. மேலே சிதைந்த படலமும் கீழே வெடிப்புகளுமே அதன் நீர்க்களஞ்சியம். ஓரிடத்தில் ஆழத் துளைத்து இறைத்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றக்கூடும். எரிவாயு எடுத்தால் மீளாது. தண்ணீரோ மழை ஊறும் அளவுக்குத்தான் மீளும்.

அவ்வூராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் கொக்கோ கோலா ஆலை எழுந்தது. கிணறு கெட்டதென்று 2002-இல் மக்கள் போராடினர். மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண் முன்னின்றார். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றார் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி. 2004-இல் ஆலையில் உற்பத்தி நின்றது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு. இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் உயர்மட்டக் குழு மதிப்பிட்டது.

பாறை ஒன்றுதான், தீர்ப்போ இரண்டு! துளைக்கும் முன் போட வேண்டிய கணக்கைத் துளைத்தபின் வழக்கு மன்றத்தில் போட்டால் வேறென்ன நேரும்? அந்தக் கணக்கும் ஊரார் படிக்க இயலாத ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்குப் பயன்?

உழவருக்கு நிலவியல் விளங்காது என்பார் உண்டு. எந்த மாதம் எத்தனை முழம் நீர் இறங்கும் என்று அறிந்தவரா விளங்காதவர்? நாம் விளங்கச் சொல்லவில்லை, அதுவே உண்மை.

எங்கே துளையிட்டாலும் அந்த மூன்று கேள்விகளோடு, எடுப்பது எந்த அளவில் மீளும் என்ற நான்காவதையும் சேர்த்து, விடையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் எழுதி, ஊராட்சி வாயிலில் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். பிழைப்புக்காக எல்லை தாண்டிய குடும்பத்துப் பிள்ளைகள் நாம். இரு மொழியும் அறிவோம், அறிவியலும் பயில்கிறோம். அந்தத் தாளை எழுத நம்மைவிடத் தகுந்தவர் யார்? எழுதுவோம், வாருங்கள்!